அறுந்தனவா, அறுக்கப்பட்டனவா?

சென்ற 2025 செப்டம்பரில் நமது வார இதழுக்காக ஒரு செய்தியை மொழிபெயர்த்தபோது பிழை ஒன்று செய்தேன். செப்டம்பர் 6 அன்று செங்கடலில், ஜித்தா நகருக்கு அருகே, கடலடி இணைய வடங்கள் பழுதுற்றன. சென்னையையும் மும்பையையும் தொட்டுச் செல்லும் 'சீ-மீ-வி 4' வடம் அவற்றுள் ஒன்று. மும்பையில் கரையேறும் 'ஐ-மீ-வி' மற்றொன்று. ஆங்கிலச் செய்தியில் இருந்த சொல் 'கட்'. செய்தவர் உண்டா இல்லையா என்று சொல்லாமலே நழுவிவிடும் சொல் அது. நான் 'துண்டிக்கப்பட்டன' என்று எழுதினேன். தமிழ் அவ்வாறு நழுவவிடாது. வடம் அறுந்தது என்றால் தானாக அறுந்தது. அறுக்கப்பட்டது என்றால் அறுத்தவன் ஒருவன் எங்கோ இருக்கிறான். தமிழில் முதுகலை படித்த எனக்கு இது தெரியாததல்ல. அச்சுக்கு அனுப்பும் அவசரம்.

அந்த இதழ் வந்த ஞாயிறன்று ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் கிளைக் கூட்டம். தூரவாணி நகர் ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் தொலைபேசிக் கருவிகள் செய்து ஓய்வு பெற்ற மூத்த தோழர் ஒருவர் இதழை மடித்துப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "துண்டிக்கப்பட்டன என்று போட்டிருக்கிறீர்களே தோழர், யார் துண்டித்தது?"

நான் வாய் திறக்குமுன் மூன்று விடைகள் வந்துவிட்டன. அமெரிக்கா என்றார் ஒருவர். இஸ்ரேல் என்றார் இன்னொருவர். ஏமனின் ஹூத்திகள்தாம் என்றார் ஓர் இளம் தோழர், சற்றே பெருமிதத்தோடு. மூவருமே தத்தம் கைபேசியில் வந்து சேர்ந்த செய்தியைச் சான்றாகக் காட்டினார்கள். நிகழ்ச்சிநிரலில் இருந்த வீட்டு வாடகைப் பிரச்சினை அன்று பேசப்படவே இல்லை.

தோழர்களைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. இந்த ஐயத்துக்கு வயது உண்டு. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே 'சீ-மீ-வி 4', 'ஃபிளாக்' ஆகிய இரு வடங்கள் ஒரே நாளில் அறுந்தன. இந்தியாவின் இணையத் திறனில் ஏறத்தாழப் பாதி போயிற்று. இதே பெங்களூரின் அயல்பணி நிறுவனங்கள் மாற்று வழி தேடித் தவித்தன. பிப்ரவரி 1 அன்று துபாய் அருகே 'ஃபால்கன்' வடம் அறுந்தது. அடுத்து கத்தாரில் ஒன்று பழுதானது. ஈரான் தனது எண்ணெய்ச் சந்தையைத் திறக்கவிருந்த மாதம் அது. அமெரிக்க நீர்மூழ்கிகள் ஈரானின் இணையத்தை அறுத்துவிட்டன என்ற கதை உலகெங்கும் பரவியது. நம்மவர் பலரும் நம்பினோம், நானும் நம்பினேன். விபத்து நேரத்தில் அப்பகுதியில் கப்பலே செல்லவில்லை என்று எகிப்து அரசு வேறு சொல்லிவிட்டது. நம்பாமல் என்ன செய்வது?

பின்னர் தெரியவந்தது என்ன? துபாய் அருகே அறுந்த இடத்தில், கைவிடப்பட்ட நங்கூரம் ஒன்று கிடந்தது. எடை ஐந்தாறு டன். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அடையாளம் கண்ட இரு கப்பல்களைத் துபாயில் பிடித்து வைத்தார்கள். கத்தாரில் நேர்ந்தது மின்வழங்கல் கோளாறு. ஈரானின் இணையமோ முற்றாக அறுபடவே இல்லை. எண்ணெய்ச் சந்தையும் அதே பிப்ரவரியில் திறந்தது.

ஆழ்கடலில் இந்த வடம் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயின் பருமன்தான் இருக்கும். உள்ளே தலைமுடி போன்ற கண்ணாடி இழைகள். கரையை நெருங்கும்போது இரும்புக் கம்பிக் கவசம் போர்த்துகிறார்கள். ஆனாலும் பழுதுகளில் மிகப் பெரும்பாலானவை கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலில்தான் நேர்கின்றன. உலகெங்கும் ஆண்டுக்கு 150 முதல் 200 பழுதுகள். அதாவது வாரத்துக்கு மூன்று, நான்கு. அவற்றுள் 70 முதல் 80 விழுக்காட்டுக்குக் காரணம் நங்கூரமும் இழுவை மடியும். வாரந்தோறும் நடப்பது எப்போதாவது நமக்கு உறைக்கும்போது மட்டும் சதியாகத் தெரிகிறது.

நாசவேலையே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. 2022 செப்டம்பரில் நார்டு ஸ்ட்ரீம் எரிவாயுக் குழாய்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 2013இல் அலெக்சாந்திரியா அருகே வடத்தை அறுத்ததாகக் கூறி மூன்று முக்குளிப்பவர்களை எகிப்தியக் கடற்படை பிடித்தது. போர்க்காலத்தில் வடத்தை அறுப்பது பழைய வழக்கமும்கூட. 1914 ஆகஸ்டில் போர் அறிவித்த சில மணி நேரத்திலேயே பிரிட்டன் ஜெர்மனியின் கடலடித் தந்திக் கம்பிகளை வெட்டியது. அதே ஆண்டு செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டு வீசி எரித்த 'எம்டன்' கப்பல், நவம்பரில் கோகோஸ் தீவுக்குப் போனது அங்கிருந்த தந்தி நிலையத்தை அழித்துக் கம்பியை வெட்டத்தான். நிலையத்தார் விடுத்த அபாயச் செய்தியே அதற்கு முடிவு கட்டியது. (பொல்லாதவனை 'எம்டன்' என்று சொல்லும் நம் வழக்குக்கு மூலம் அந்தக் கப்பல்.) 2024 பிப்ரவரியில் செங்கடலில் மூன்று வடங்கள் அறுந்ததிலும் போர் இருந்தது. ஹூத்திகளின் ஏவுகணை தாக்கிய 'ரூபிமார்' கப்பல், போட்ட நங்கூரத்தை இழுத்தபடி நாள்கணக்கில் மிதந்து சென்றதே அதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. போர் வடத்தை அறுக்கிறது. ஆனால் பெரும்பாலும் நாம் கற்பனை செய்யும் வழியில் அறுப்பதில்லை.

ஏகாதிபத்தியத்துக்கு இந்த வடங்களை அறுக்க வேண்டிய தேவைதான் என்ன? அதன் பங்குச் சந்தை, அதன் படைக் கட்டளை, அதன் கணினிக் கிடங்குகள் யாவும் இவ்வடங்களில் ஓடுகின்றன. வடம் நலமாக இருந்தால்தான் ஒட்டுக்கேட்க முடியும். 1970களில் அமெரிக்க நீர்மூழ்கிகள் ஒகோட்ஸ்க் கடலில் சோவியத் வடத்தைத் தேடிப் போனது ஒட்டுக்கேட்கும் கருவியைப் பொருத்துவதற்காக. 2013இல் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் காட்டியதும் அதுவே: பிரிட்டனின் உளவு நிறுவனம் 'டெம்போரா' என்ற திட்டத்தின் வழியே கண்ணாடியிழை வடங்களில் போகும் தரவை அள்ளிக்கொண்டிருந்தது. கிளைக் கூட்டங்களில் அதைப் பற்றி நாம் எத்தனை முறை பேசியிருக்கிறோம்?

நம்முடைய ஐயம் வாஷிங்டனுக்கு எதிரானது என்று நினைக்கிறோம். அது போய்ச் சேரும் இடத்தைப் பாருங்கள். கடலடி வடங்களுக்கு நாசவேலை ஆபத்து என்று சொல்லித்தான் 2025 ஜனவரியில் நேட்டோ பால்டிக் கடலில் தனது ரோந்தைத் தொடங்கியது. வடங்களின் பாதுகாப்பு என்று சொல்லித்தான் குவாட் கூட்டணி 2023இல் தனி ஏற்பாடு ஒன்றை அறிவித்தது. 2025 பிப்ரவரி 13 அன்று மோடியும் டிரம்ப்பும் வெளியிட்ட கூட்டறிக்கையில், 50,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மெட்டா நிறுவனத்தின் வடத் திட்டம் வரவேற்கப்படுகிறது. இந்தியப் பெருங்கடலில் வடங்களைப் பராமரிக்க, 'நம்பகமான' நிறுவனங்களைக் கொண்டு, இந்தியா முதலிடும் என்றும் உறுதி தரப்படுகிறது. யாருக்கு நம்பகமான? கண்ணுக்குத் தெரியாத நாசகாரனைப் பற்றிய அச்சம் கடற்படைகளுக்கும் ஏகபோகங்களுக்கும் ஊட்டமளிக்கிறது. அந்த அச்சம் வளர்ந்தால் முதலில் விரட்டப்படப் போகிறவர் விசைப்படகில் செல்லும் மீன்பிடித் தொழிலாளி.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. வடம் யாருடையது? 1986இல் பொதுத்துறையாக அமைந்த விதேஷ் சஞ்சார் நிகம் இந்நாட்டின் வெளிநாட்டுத் தொடர்பு முழுவதையும் கையில் வைத்திருந்தது. 2002 பிப்ரவரியில் வாஜ்பாய் அரசு அதன் 25 விழுக்காட்டுப் பங்கை, நிர்வாகத்தோடு சேர்த்து, 1,439 கோடி ரூபாய்க்கு டாட்டா குழுமத்திடம் ஒப்படைத்தது. 2008இல் அறுந்த ஃபிளாக், ஃபால்கன் இரண்டும் அனில் அம்பானியின் உடைமை. பிற்பாடு அக்குழுமத்தின் தொலைத்தொடர்பு நிறுவனம் திவால் நடைமுறைக்குள் போயிற்று. பொதுத்துறையால் முடியாதா? சென்னையிலிருந்து அந்தமானுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் வடத்தை, 1,224 கோடி ரூபாய்ச் செலவில், 2020 ஆகஸ்டில் பி.எஸ்.என்.எல். முடித்துக் காட்டியது. இலாபம் வராது என்று தனியார் வடம் போட முன்வராத தீவுகள் அவை.

பழுதானால் சரிசெய்வது யார்? கொக்கியை ஆழத்தில் இறக்கி, அறுந்த முனைகளைப் பிடித்துத் தூக்கி, கப்பல் தளத்தில் இழை இழையாக ஒட்டவைக்கும் வேலை அது. அதற்கென்று தனிக் கப்பல் வேண்டும். நீண்ட கடற்கரை என்று பெருமை பேசும் நாட்டில் இந்தியக் கொடியேந்திய பழுதுநீக்கும் கப்பல் ஒன்றுகூட இல்லை என்பதை 2023 ஜூனில் டிராய் தனது பரிந்துரையிலேயே சுட்டிக்காட்டியது. வெளிநாட்டுக் கப்பல் வர வேண்டும். வந்தாலும் அனுமதிக்குக் காத்துக்கிடக்க வேண்டும். இதைக் கேட்டதும் ஐ.டி.ஐ. தோழர் சினந்தார். "நாங்கள் இணைப்பகம் முழுவதையும் செய்து கொடுத்தவர்கள். ஒரு கப்பல் வைத்திருக்க வக்கில்லையா?" என்றார். எவர் சதி என்று அதன்பின் அவர் கேட்கவில்லை.

ஆனால் அவருடைய முதல் கேள்விக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை. 'துண்டிக்கப்பட்டது' என்ற சொல் சற்றும் பிழையில்லாமல் பொருந்தும் இடங்கள் இந்த நாட்டில் உண்டு. 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் இணையம் துண்டிக்கப்பட்டது. 4ஜி சேவை முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில். 2023 மே மாதம் மணிப்பூரில் துண்டிக்கப்பட்டது, மாதக்கணக்கில் நீண்டது. 'ஆக்சஸ் நவ்' அமைப்பின் கணக்குப்படி இந்தியாவில் 2023இல் 116 முறை, 2024இல் 84 முறை. நங்கூரம் அறுத்த வடத்தை ஒரு சில வாரங்களில் ஒட்டிவிடுகிறார்கள். இங்கே நீர்மூழ்கி வேண்டியதில்லை, வெடிமருந்து வேண்டியதில்லை. துண்டிக்கும் ஆணைக்கு விதி உண்டு, பிறப்பிக்கும் அதிகாரியின் பதவி உண்டு, கீழே கையொப்பமும் உண்டு. அவ்வாணைகளை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அத்தீர்ப்பைத் தமிழில் மொழிபெயர்த்து அடுத்த கிளைக் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். வாடகைப் பிரச்சினைக்குப் பிறகு அதை எடுத்துக்கொள்வதென்று முடிவாகியிருக்கிறது.