1855-ம் வருஷத்து என்ஜினும் இருங்காட்டுக்கோட்டைப் பையன்களும்

சென்னையில் ஒரு கிழ என்ஜின் இருக்கிறது. வயது 170-ஐத் தொட்டுவிட்டது. பெயர் ஈ.ஐ.ஆர். 21, 'எக்ஸ்பிரஸ்' என்றும் சொல்கிறார்கள். 2010 ஆகஸ்ட் 15 அன்று பெரம்பூர் ரயில்வே பட்டறைத் தொழிலாளர்கள் அதை உயிர்ப்பித்து ஓட வைத்தார்கள். அதன் பிறகு சில விசேஷ நாட்களில் எழும்பூருக்கும் கோடம்பாக்கத்துக்கும் நடுவே ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு புகை விட்டுப் போயிருக்கிறது. பாலத்தின் மேல் நின்று ஜனங்கள் கை தட்டினார்கள். குழந்தைகள் கூச்சலிட்டார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது.

வெள்ளைக்காரன் செய்த வண்டி, அதில் நமக்கு என்ன பெருமை என்று கேட்கும் தோழர்கள் உண்டு. வெள்ளைக்காரன் வராவிட்டால் நமக்கு ரயில் ஏது என்று பேசும் பெரிய மனிதர்களும் உண்டு. இரண்டு பேரும் என்ஜின் மேல் அடித்திருக்கும் பெயரைத்தான் பார்க்கிறார்கள். அங்கே இருப்பது கிட்சன், தாம்சன், ஹெவிட்சன். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் பட்டறை வைத்திருந்த மூன்று முதலாளிகள். இரும்பைக் காய்ச்சியவன் பெயரும், ஆணி அறைந்தவன் பெயரும், 101 வருஷம் கழித்து அதைத் திரும்ப ஓட வைத்தவன் பெயரும் எந்தத் தகட்டிலும் கிடையாது.

முதலில் என்ஜினைப் பார்ப்போம். ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

ஒரு பக்கம் நிலக்கரி எரியும் அடுப்பு. அதிலிருந்து கிளம்பும் சூடு, பாய்லருக்குள் கிடக்கும் குழாய்கள் வழியே பாய்ந்து, சுற்றியிருக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டு, புகைபோக்கியால் வெளியேறும். கட்டி அடைத்த நீராவி சிலிண்டருக்குப் போய் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டனோடு கோத்த இரும்புத் தண்டு சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சக்கரம் ஏறக்குறைய ஆள் உயரம். முன்னால் ஒரு ஜோடி சின்னச் சக்கரம், பின்னால் ஒரு ஜோடி சின்னச் சக்கரம், நடுவில் இந்தப் பெரிய ஜோடி. மொத்தம் ஆறு. இழுக்கிறது நடுவில் இருக்கும் இரண்டு மட்டும்தான். மற்ற நாலும் பாரம் தாங்கிக்கொண்டு கூடவே உருளும். (இரண்டு பேர் உழைக்க நாலு பேர் உட்கார்ந்து போகும் ஏற்பாடு நமக்குப் புதிதல்ல.)

ஏன் இப்படிச் செய்தார்கள்? பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் அதிக தூரம் போகும். ஆகவே வேகம் கிடைக்கும். ஆனால் ஒரே ஜோடிதான் தண்டவாளத்தைப் பற்றுகிறது என்பதால் பிடிப்புக் குறைவு. பாரம் அதிகமானால் சக்கரம் வழுக்கும். ஆகவே இது சரக்கு இழுக்கப் பிறந்த என்ஜின் அல்ல. சமவெளியில் இலேசான தபால் வண்டியை இழுக்கப் பிறந்தது. தண்ணீருக்குத் தனி வண்டி கிடையாது. பாய்லருக்குக் கீழே, சட்டத்துக்கு நடுவிலேயே தொட்டி. கனம் கீழே இருப்பதால் என்ஜின் ஆடாது. கெட்டிக்கார வேலைதான், மறுப்பதற்கில்லை. லீட்ஸ் தொழிலாளியின் கைக்கு நாம் மரியாதை செய்வோம்.

இதன் உடன்பிறப்பு ஈ.ஐ.ஆர். 22. அதுதான் 'ஃபேரி குவீன்'. அதே 1855, அதே பட்டறை. டில்லியிலிருந்து ஆள்வாருக்கு 1997-ல் ஓடத் தொடங்கி, 1998-ல் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அதுவும் பிற்பாடு பழுது பார்ப்பதற்காக நம் பெரம்பூருக்குத்தான் வந்தது.

இந்த இரண்டும் எதற்காகக் கப்பலேறி வந்தன? ஈஸ்ட் இந்தியன் ரயில்வே கம்பெனி 1854 ஆகஸ்ட் 15-ல் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு வண்டி விட்டது. 1855 பிப்ரவரியில் பாதை ராணிகஞ்ச் போய்ச் சேர்ந்தது. ராணிகஞ்சில் என்ன இருக்கிறது? நிலக்கரி. 1857-ல் சிப்பாய்கள் கிளம்பியபோது அதே பாதையில் பட்டாளம் போயிற்று. 'ஃபேரி குவீன்' துருப்பு வண்டி இழுத்தது என்பது அதன் சரித்திரத்திலேயே எழுதியிருக்கிறது. பணத்துக்கோ ஆபத்தே இல்லை. கம்பெனி போட்ட மூலதனத்துக்கு வருஷத்துக்கு 5 சதவீத வட்டி சர்க்கார் உத்தரவாதம். நிலம் இனாம். வண்டி லாபத்தில் ஓடினால் லண்டன் பங்குதாரருக்கு லாபம். நஷ்டத்தில் ஓடினால் குறைந்த பணம் இந்தியக் குடியானவனின் வரியிலிருந்து போகும். இப்படி ஒரு வியாபாரம் கிடைத்தால் நம் ஊர் வட்டிக்கடைக்காரன்கூட ரயில் விட்டிருப்பான்!

அந்த ஹௌரா வண்டியில் ஒரு வேடிக்கை நடந்தது. முதல் என்ஜின் ஏறிய கப்பல் வழி தப்பி ஆஸ்திரேலியா போய்விட்டுத் தாமதமாகக் கல்கத்தா வந்தது. பெட்டிகளை ஏற்றிய கப்பலோ கரைக்குப் பக்கத்திலேயே மூழ்கிவிட்டது. என்ன செய்தார்கள்? கல்கத்தாவில் குதிரை வண்டி கட்டும் பட்டறைகளில் பெட்டிகளைச் செய்துகொண்டார்கள். இங்கே ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு 1856 ஜூலை 1-ல் தென்னாட்டின் முதல் வண்டி கிளம்பியபோதும், அதன் பெட்டிகள் சென்னையில் சிம்சன் பட்டறையில் செய்தவையே. ஆக, முதல் நாளிலிருந்தே நம் தச்சனும் கொல்லனும் அந்த ரயிலுக்குள் இருக்கிறார்கள். நமக்கு ரயில் செய்யத் தெரியாது என்பது பிற்பாடு கட்டிவிட்ட கதை.

எப்படிக் கட்டினார்கள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பீகார் மாகாணத்து ஜமால்பூர் பட்டறை 1862-லேயே திறந்தாயிற்று. 1899-ல் அங்கே ஒரு முழு என்ஜினை இந்தியத் தொழிலாளர்கள் கட்டி முடித்தார்கள். அப்புறமாவது இங்கேயே கட்டலாம் அல்லவா? வெள்ளையர் ஆட்சி முடியும்வரை இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கிய என்ஜின்கள் சுமார் 12,000. இந்தியாவில் கட்ட விட்டவை சுமார் 700. கை இருந்தது, கட்டவும் தெரிந்தது. விடவில்லை. சித்தரஞ்சன் தொழிற்சாலை 1950-ல் திறந்த பிறகுதான் நிலைமை மாறியது. 1972-க்குள் அங்கே 2,351 நீராவி என்ஜின்கள் கட்டினார்கள். சோம்பேறி என்று பெயர் வாங்கிய அதே ஜனங்கள்தான்!

விவசாயத் தோழர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ராயபுரம்–வாலாஜா பாதை நம் இருங்காட்டுக்கோட்டைக்கு வடக்கே, திருவள்ளூர் வழியாகப் போகிறது. அது போட்டு இருபது வருஷத்தில் தாது வருஷப் பஞ்சம், 1876–78. ரயில் தானியம் கொண்டு வந்தது, நிஜம். விலை எங்கே ஏறுகிறதோ அங்கே தானியத்தை அள்ளிக்கொண்டும் போனது. ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த அந்த வருஷங்களிலும் தேசத்திலிருந்து தானியம் கப்பலேறிற்று. என்ஜின் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதை நெம்புகோலைப் பிடித்தவன் தீர்மானிக்கவில்லை.

இனிக் கைத்திறன் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே அதற்குத்தான்.

ஈ.ஐ.ஆர். 21-ஐ 1909-ல் ஓய்வாக்கினார்கள். பிறகு ஒரு நூற்றாண்டு ஜமால்பூரிலும் ஹௌராவிலும் காட்சிப் பொருளாக நின்றது. மழையும் வெயிலும் குடித்தது. அகல ரயில் பாதையில் நீராவி வண்டிகள் 1995-லேயே நின்றுவிட்டன. நீராவி வேலை பழகிய தலைமுறையே வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சமயம். அப்படிப்பட்ட நேரத்தில் துருப்பிடித்த கூடு பெரம்பூருக்கு வந்து சேர்ந்தது. பல பாகங்களைப் புதிதாகவே செய்ய வேண்டியிருந்தது. கடையில் போய்க் கேட்டால் 1855-ம் வருஷத்து உதிரி பாகம் கிடைக்குமா?

இந்த மாதிரி வேலை எதைக் கேட்கிறது என்று பிட்டரைக் கேளுங்கள், டர்னரைக் கேளுங்கள். பாய்லர் குழாயைத் தகட்டில் விரித்து இறுக்கும்போது கொஞ்சம் குறைந்தால் கசியும், கொஞ்சம் கூடினால் தகடு வெடிக்கும். பேரிங்கை மை தடவிப் பார்த்து, தொட்ட இடத்தைச் சுரண்டி, மறுபடி மை தடவி, மறுபடி சுரண்டி உட்கார வைக்க வேண்டும். நீராவி சிலிண்டருக்குள் எந்தக் கணத்தில் நுழைந்து எந்தக் கணத்தில் வெளியேற வேண்டும் என்று வால்வைத் திருத்துகிறவன், என்ஜின் மூச்சு விடும் சத்தத்திலேயே பிழையைக் கண்டுபிடித்துவிடுவான். இது புத்தகத்தில் மட்டும் படித்தால் வராது. ஒரு மூத்த தொழிலாளியின் பக்கத்தில் நின்று, திட்டு வாங்கி, பல வருஷம் கழித்துத்தான் வரும். பெரம்பூரில் வந்தது ஏன்? அங்கே பட்டறை பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. பென்ஷனும் நிரந்தரமும் இருந்த இடத்தில் மனிதன் தங்கினான். அவனோடு வித்தையும் தங்கிற்று.

பொன்மலையைப் பாருங்கள். ஊட்டி மலை ரயிலுக்கான பல்சக்கர என்ஜின்கள் ஒரு காலத்தில் ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்தவை. சமீப காலத்தில் அவற்றைப் போலப் புது நீராவி என்ஜின்களைப் பொன்மலைத் தொழிலாளர்களே கட்டினார்கள். 2021-ல் நிலக்கரி என்ஜின் ஒன்றையும் கட்டி அனுப்பினார்கள். அந்தப் பொன்மலையின் பிறப்பே ஒரு போராட்டத்தோடு சேர்ந்தது. நாகப்பட்டினம் பட்டறையைப் பொன்மலைக்கு மாற்றுகிறோம் என்று சொல்லி, தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1928-ல் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களை ஆட்குறைப்புச் செய்யப் புறப்பட்டது. யாரை வைத்துக்கொள்வது, யாரைத் தள்ளுவது என்பதற்கு ஒரு தொழில் பரீட்சை! பத்துப் பதினைந்து வருஷம் அதே வேலை செய்தவனைப் பார்த்து, உனக்கு வேலை தெரியுமா என்று கேட்டது கம்பெனி. ஜூலையில் வேலை நிறுத்தம் வெடித்தது. சிங்காரவேலரைச் சிறையில் தள்ளினார்கள். 1946 செப்டம்பர் 5-ல் அதே பொன்மலையில் ஐந்து தொழிலாளிகளைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. வித்தை தானாகத் தங்கவில்லை, தோழர்களே. தங்குவதற்கான விலையைக் கொடுத்தவர்கள் இருந்தார்கள்.

இப்போது இருங்காட்டுக்கோட்டைக்கு வாருங்கள். ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த பூமி. சிப்காட் வந்தது. கார் வந்தது, கண்ணாடி வந்தது, பிரேக் வந்தது, ஸீட் வந்தது. ஷிப்டு மாறும் நேரத்தில் பெங்களூர் ரோட்டில் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. ஒருவன் ஒப்பந்தம், ஒருவன் பயிற்சி, ஒருவன் அப்ரண்டீஸ். பக்கத்தில் அதே வேலையை அதே மெஷினில் செய்யும் நிரந்தரத் தொழிலாளியின் சம்பளத்தில் எத்தனையோ ஒரு பங்குதான் கையில் வரும். 'நீம்' என்று ஒரு திட்டம் 2013-ல் வந்தது. பயிற்சி என்ற பெயரில் பையன்களை உற்பத்தி லைனில் நிறுத்த அது முதலாளிகளுக்கு நன்றாக உதவியது. 2022-ல் அதை மூடினார்கள். பெயர்தான் போயிற்று, வழக்கம் போகவில்லை. இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ ஆனதும் ஒரு சர்டிபிகேட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த பஸ்ஸில் அடுத்த பையனைக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பையன் ஒரே போல்ட்டை ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை முறுக்கியிருப்பான். என்ஜின் என்றால் என்ன என்று யாரும் அவனுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வெல்டிங்கை ரோபோ செய்கிறதே, கைத்திறன் எதற்கு என்று மேனேஜர் மகா புத்திசாலித்தனமாகக் கேட்பார். ரோபோ நின்றுபோனால் யாரைக் கூப்பிடுகிறார்? அச்சு தேய்ந்து தகட்டில் பிசிர் வருகிறதென்று முதலில் கண்டுபிடிக்கிறவன் யார்? பிரஸ் மெஷினில் பழகாத பையனை ராத்திரி ஷிப்டில் நிறுத்தினால், போவது தகடு மட்டுமல்ல, விரல். பழகியவனை வைத்துக்கொண்டால் அவனுக்குப் படி கேட்கத் தெரியும், சங்கம் வைக்கத் தெரியும். ஆகவே பழகவே விடாதே என்பதுதான் கணக்கு. அன்று 12,000 என்ஜினைக் கப்பலில் இறக்கியவன் நம்மை என்ஜின் கட்ட விடவில்லை. இன்று கார் நம் கையால்தான் ஓடி வருகிறது. ஆனால் காரைக் கட்டத் தெரிந்த ஆளாக நம் பையன் ஆவதை விடவில்லை.

ஒரு சின்ன விஷயம் சொல்லி முடிக்கிறேன். இந்த வட்டாரத்துக் கார்கள் வாலாஜாபாத் ஸ்டேஷனில் ரயிலேறுகின்றன. அந்த ரயில் பெட்டிகளை உற்றுப் பார்த்தால் பழைய பயணிகள் பெட்டியின் ஜாடை தெரியும். ஆமாம், ஜனங்கள் உட்கார்ந்து போன பெட்டிகள்தான். வயதானதும் ஜன்னலை அடைத்து, ஸீட்டைப் பிடுங்கி, கார் ஏற்றும் வண்டியாக மாற்றிவிடுகிறார்கள். ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ஒரு ரயில் பாதை என்று எத்தனையோ வருஷமாகப் பேச்சு நடக்கிறது. இருங்காட்டுக்கோட்டைப் பையன் கட்டிய கார் ரயிலில் போகிறது. அவன் ராத்திரி ஷிப்டு முடிந்து, ஷேர் ஆட்டோவில் ஒற்றைக் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு பூந்தமல்லிக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.