தனியா, சுதந்திரமா?

2014 செப்டம்பர் 18 அன்று ஸ்காட்லாந்து மக்களிடம் கேட்கப்பட்ட கேள்வி ஆங்கிலத்தில் ஆறே வார்த்தைகள். அதைத் தமிழில் எழுத எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. 'ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக வேண்டுமா?' என்றால் அதுவரை அடிமைப்பட்டுக் கிடந்த நாடு என்று அர்த்தமாகிவிடும். 'தனி நாடாக வேண்டுமா?' என்றால் நம் காதில் அது பிரிவினை. திராவிட நாடு கோரிக்கையும், அதற்கு முற்றுப்புள்ளி வைத்த 1963-ன் 16-வது அரசியல் சட்டத் திருத்தமும் ஞாபகத்துக்கு வரும். பக்கம் முடிக்கும் நேரம் நெருங்கிவிட, 'தனி' அச்சேறியது.

அங்கேயும் சண்டை வார்த்தையில்தான் தொடங்கியது. வேண்டும் என்றவர்கள் சுதந்திரம் என்றார்கள். வேண்டாம் என்றவர்கள் விடாமல் பிரிவினை என்றார்கள். ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் அரசு முதலில் எழுதிய கேள்வி, 'ஒப்புக்கொள்கிறீர்களா' என்று ஆரம்பித்தது. இப்படிக் கேட்டால் ஆமாம் என்று சொல்லத்தான் தோன்றும் என்றது தேர்தல் ஆணையம். அந்த வார்த்தை போயிற்று.

அடிமை நாடா என்றால், இல்லை. பனாமாவின் டேரியன் பகுதியில் குடியேற்றம் அமைக்கப் போய், 1700 வாக்கில் நாட்டின் சேமிப்பில் பெரும் பங்கைத் தொலைத்துவிட்டு நின்றது ஸ்காட்லாந்து. 1707-ல் அதன் பார்லிமென்ட் தன்னையே கலைத்துக்கொண்டு இங்கிலாந்தோடு இணைந்தது. இணைப்பை ஒட்டிச் சுமார் 3,98,000 பவுன் கைமாறியது. டேரியன் பங்குதாரர்களின் நஷ்டமும் அதிலிருந்து ஈடுகட்டப்பட்டது. நாட்டை விற்றுவிட்டார்கள் என்ற முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை. ஆனால் விற்றவர்களின் பேரப்பிள்ளைகள் சாம்ராஜ்யத்தில் நன்றாகவே வாழ்ந்தார்கள். சென்னை தீவுத்திடல் அருகே சேணமில்லாக் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிற தாமஸ் மன்றோ, கிளாஸ்கோவில் பிறந்தவர். டண்டீ நகரத்து ஆலைகள் ஓடியது வங்காளத்துச் சணலில். நம்மை ஆண்டவர்களில் ஒரு பங்குதாரருக்கு 'சுதந்திரம்' என்ற வார்த்தையைத் தூக்கிக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

அதற்காக அவர்களுடைய தேசப்பற்றைக் குறைத்து மதிப்பிட முடியாது. இணைந்த பிறகும் சட்டம், நீதிமன்றம், திருச்சபை, கல்வி எல்லாம் தனியாகவே இருந்தன. கால்பந்து அணி தனி. ஸ்காட்லாந்தின் மூன்று வங்கிகள் தங்கள் பெயரிலேயே பவுன் நோட்டு அடிக்கின்றன. அதை லண்டன் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்ப்பது பழைய கதை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 62 சதவீதம் பேர், தாங்கள் ஸ்காட்டிஷ் மட்டுமே என்று பதிவு செய்தார்கள். பிரிட்டிஷ் என்று சேர்த்துச் சொல்லக்கூட அவர்களுக்கு மனமில்லை. மூன்றே வருஷத்தில் அதே நாட்டில் வாக்களித்தவர்களில் 55.3 சதவீதம் பேர் தனி நாடு வேண்டாம் என்றார்கள்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பெருமிதத்தை எண்ணி ஓட்டை ஊகிக்க முடியாது என்பது தெரிகிறது. 'வேண்டாம்' அணிக்குத் தலைமை தாங்கிய அலிஸ்டர் டார்லிங் ஸ்காட்லாந்துக்காரர். வாக்கெடுப்புக்கு முந்தைய நாள் கிளாஸ்கோவில் உணர்ச்சி பொங்கப் பேசிய முன்னாள் பிரதமர் கார்டன் பிரவுனும் அப்படியே. 'நானும் பெருமிதமுள்ள ஸ்காட்டிஷ்தான், ஆனால்...' என்று இழுத்தவர்களை எதிரணி கேலி செய்தது. கேலி வாஸ்தவம்தான், அந்த 'ஆனால்' அதைவிட வாஸ்தவம். பவுன் நாணயம் தொடருமா? (தர முடியாது என்று 2014 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டார் நிதியமைச்சர் ஆஸ்போர்ன்.) பென்ஷன் யார் தருவார்கள்? வடகடல் எண்ணெய் எத்தனை நாள் வரும்? வேண்டும் என்றவர்களும் கொடியைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஃபாஸ்லேனில் நிற்கும் அணு ஆயுத நீர்மூழ்கிகளையும், தாங்கள் ஓட்டுப்போடாத லண்டன் அரசுகளையும் பற்றித்தான் பேசினார்கள். தொழில்கள் நசிந்துபோன கிளாஸ்கோவும் டண்டீயும் அவர்கள் பக்கம் சாய்ந்தன.

எனக்குப் பிடித்தது வாக்காளர் பட்டியல். வம்சத்தைக் கேட்கவில்லை, விலாசத்தைக் கேட்டார்கள். தனி நாட்டுக்காக ஆயுசு முழுக்கக் குரல் கொடுத்த நடிகர் ஷான் கானரிக்கு ஓட்டு கிடையாது. அவர் வசித்தது பஹாமாஸில். லண்டனில் குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர்களுக்கும் கிடையாது. எடின்பரோவில் முறையாகக் குடியிருந்த இந்தியப் பிரஜைக்கு, காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் உண்டு. 16 வயதுப் பிள்ளைகளுக்கும் உண்டு. 84.6 சதவீதம் பேர் வந்து வாக்களித்தார்கள். ரத்தம், மண் என்று பேசாத ஒரு தேசிய இயக்கத்தை இவ்வளவு பக்கத்தில் பார்க்க நமக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை.

விவகாரம் அதோடு தீரவில்லை. ஐரோப்பிய யூனியனில் நீடிக்க வேண்டுமானால் பிரிட்டனோடு இருங்கள் என்று சொல்லித்தான் 2014-ல் ஓட்டுக் கேட்டார்கள். 2016-ல் பிரிட்டனே யூனியனை விட்டு வெளியேறத் தீர்மானித்தது. ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் வெளியேற மறுத்திருந்தும். இன்னொரு வாக்கெடுப்பு கேட்டார்கள். லண்டன் பார்லிமென்டின் சம்மதமில்லாமல் நடத்த முடியாது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொருளாதார பயத்தால் தோற்பது ஒன்று; கேள்வியே கேட்கக் கூடாது என்பது வேறு. முதலாவதை ஏற்றுக்கொண்டவர்களுக்கு இரண்டாவதுதான் உறுத்துகிறது.

2023-ல் ஹம்ஸா யூசஃப் ஸ்காட்லாந்தின் முதல் அமைச்சரானபோது லண்டனில் பிரதமர் ரிஷி சுனக். இருவர் குடும்பத்துக்கும் பூர்வீகம் பிரிக்கப்படாத பஞ்சாப். பிரிட்டனைப் பிரிக்க வேண்டும் என்று ஒருவர், கூடாது என்று மற்றவர். அந்தச் செய்தியும் என் மேஜைக்கு வந்தது. 'பிரிவினை' என்ற வார்த்தையைத் தொடாமலே மொழிபெயர்த்து அனுப்பினேன்.