நாடாப் பெட்டியும் பெயர்ச் சீட்டும்

பொருளைத் தேடுதல் ஒன்று. தேடிய பொருளைக் காத்தல் மற்றொன்று. முன்னதற்கு உலகில் மதிப்பு மிகுதி. பின்னதற்கு அத்துணை மதிப்பில்லை. இக்காலத்தில் கலாசாலைகளின் கணக்குகளும், மாணவர்களின் மதிப்பெண்களும், ஆராய்ச்சி செய்வோர் பல்லாண்டு உழைத்துத் திரட்டிய அளவைகளும் கணினிகளிலேயே தங்கியிருக்கின்றன. அவற்றின் பிரதிகளைத் தாங்கும் காந்த நாடாப் பெட்டிகளைக் குறித்து ஆண்டு மலரில் எழுதுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் இவ்விஷயத்தில் நம்மிடையே நிலவும் அசட்டை சிறிதன்று. அதனால் விளையும் கேடும் சிறிதன்று. ஆதலின் இதனை எழுதத் துணிந்தோம்.

காந்த நாடா பழங்காலத்துப் பொருளன்றோ என்று மாணவர் சிலர் வினவக்கூடும். பழமையுடையது என்பது மெய்யே. ஜெர்மனியில் பிரிட்ஸ் பிளாய்மர் என்பார் காகித நாடாவின்மேல் இரும்புத் துகளைப் பூசி ஒலியைப் பதியும் முறையை 1928ஆம் ஆண்டிற் கண்டார். 1951இல் வெளிவந்த யூனிவாக் கணினி உலோக நாடாவில் விவரங்களைப் பதிந்து வைத்தது. ஆனால் அக்கலை அங்கே நின்றுவிடவில்லை. எல்.டி.ஓ. என்னும் வகை நாடாவின் முதல் தலைமுறை 2000ஆம் ஆண்டில் வந்தபொழுது ஒரு பெட்டி 100 ஜிகாபைட் கொண்டது. 2021இல் வந்த ஒன்பதாந் தலைமுறைப் பெட்டியோ 18 டெராபைட் கொள்ளும்; அதாவது 180 மடங்கு. உள்ளங்கையளவே உள்ள அப்பெட்டிக்குள் அரை அங்குல அகலத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட நாடா சுற்றப்பட்டிருக்கின்றது.

இணையத்தின் வழியே வேறொரு கணினியிற் பிரதி வைத்தால் போதாதோ என்பாரும் உளர். அதுவும் வேண்டுவதே, அதுமட்டும் போதாது. ஒன்றோடொன்று இணைந்து நிற்கும் கணினிகளில் ஒன்றைப் பற்றிய பிழையும் வஞ்சகமும் மற்றதையும் பற்றக்கூடும். அலமாரியில் உள்ள நாடாவுக்கோ கம்பியுமில்லை, மின்சாரமுமில்லை. எட்டாதிருப்பதே அதற்குக் காவல். 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் கூகிள் நிறுவனத்தின் ஜிமெயிலில் ஒரு மென்பொருட் பிழையால் ஒரு பகுதியினருடைய கடிதங்கள் மறைந்தன. பல இடங்களில் வைத்திருந்த பிரதிகளையும் அப்பிழை தொட்டது. முடிவில் நாடாக்களிலிருந்தே அக்கடிதங்கள் மீட்கப்பட்டன.

ஆகவே நாடாவை வாங்குதல் நன்று. ஆனால் வாங்கியதோடு கடமை தீர்ந்தது என்று எண்ணுதல் பெரும் பிழை. சில ஆண்டுகளுக்கு முன், நாம் அறிந்த ஓர் அலுவலகத்தில், ஐப்பசி மாதத்து இரவொன்றில் இடி விழுந்து கணினியின் தட்டுகள் கெட்டன. மறுநாள் அலமாரியைத் திறந்தனர். பதினான்கு நாடாப் பெட்டிகள் இருந்தன. ஐந்தின்மேல் சீட்டே இல்லை. மூன்றின்மேல் 'புதியது' என்று எழுதியிருந்தது. எப்பொழுது புதியது என்று அறிவாரில்லை. இரண்டின்மேல் 'கடைசி' என்றிருந்தது. ஒன்றின்மேல் ஒருவருடைய பெயரின் முதலெழுத்து மாத்திரம் இருந்தது. அவரோ ஓய்வு பெற்று மகனோடு வெளியூர் சென்றுவிட்டார். எஞ்சிய மூன்றின்மேலேதான் தேதி இருந்தது. அவற்றில் வேண்டியது இல்லை. வெளிநாட்டில் வேலை கிடைத்து மதிப்பெண் சான்று கேட்டு வந்த பழைய மாணவர் ஒருவர் வெளியே பெஞ்சின்மேல் காத்திருந்தார். ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து உரிய பெட்டியைக் கண்டுபிடிக்க ஆறு நாட்கள் சென்றன. அவருக்குக் குறித்திருந்த கெடு நான்காம் நாளே கடந்துவிட்டது. அவ்வலமாரியின்முன் நின்றவர்களுள் நாமும் இருந்தோம். சீட்டில்லாத பெட்டிகளுள் ஒன்று நம் கையால் வைத்தது என்பதையும் ஒளிக்காமற் கூறுகின்றோம்.

அன்று நாம் கற்ற பாடம் இது. வைத்தவனுக்கு மாத்திரம் விளங்கும் பிரதி பிரதியாகாது. நம்மைக் கண்டிராத ஒருவர், நாம் இல்லாத ஒரு நாளில், எவரையும் வினவாமல் எடுத்து வாசிக்கக் கூடுமாயின் அதுவே காத்த பொருள். பழைய ஓலைச்சுவடிகள் பலவற்றின் இறுதியில், எழுதினவர் இன்னார், எழுதி முடித்தது இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்ன நாள் என்று குறித்திருக்கக் காண்கின்றோம். மங்கிய விளக்கின்முன் எழுத்தாணி பிடித்தவர் செய்த காரியத்தை, விசைப்பலகையின்முன் அமர்ந்திருக்கும் நாம் செய்யாமலிருத்தல் தகுமோ?

சீட்டிடுவதற்கும் ஒரு முறை உண்டு. யந்திரம் வாசிக்கும் கோட்டுக்குறிச் சீட்டில் ஆறு எழுத்துக்கள் பெட்டியின் எண்ணையும், இறுதி இரண்டு அதன் தலைமுறையையும் காட்டும். அதனைப் பெட்டியில் அதற்கென விடப்பட்ட பள்ளத்திலேயே ஒட்டுதல் வேண்டும். வேறிடத்தில் ஒட்டினாலும், பழைய சீட்டின்மேல் புதியதை ஒட்டினாலும், அது யந்திரத்தினுள் உரிந்து சிக்கிக்கொள்ளும். உள்ளே இருப்பதை எல்லாம் வெளியே எழுதிவிடுதலும் ஆகாது. 'மாணவர் விவரம்' என்று எழுதுதல் கள்வனுக்கு வழிகாட்டுவதாகும். எண் பெட்டியின்மேல் இருக்கட்டும். எந்தக் கணினியின் விவரம், எந்தத் தேதி, எந்த மென்பொருளாற் பதிந்தது, எதுவரை அழிக்கலாகாது, பதிந்தவர் யார் என்பன பதிவேட்டில் இருக்கட்டும். அப்பதிவேட்டின் பிரதி ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும். மறைகுறியிட்டுப் பதிந்திருப்பின் அதன் திறவுச் சொல்லையும் அவ்வாறே பாதுகாத்தல் வேண்டும்; திறவுச் சொல் தொலைந்தால் நாடாவும் தொலைந்ததே.

இனிக் கையாளும் முறையைச் சுருக்கிச் சொல்வோம். பெட்டியைக் கீழே போடலாகாது. விழுந்தால், மேலே கீறல் இல்லாவிடினும், நாடாவின் முனையைப் பற்றி இழுக்கும் சிறு முளை இடம் பெயர்ந்திருக்கலாம். அப்படியே யந்திரத்திற் செருகினால் இரண்டும் பழுதாகும். மூடியைத் திறந்து நாடாவை விரலால் தொடலாகாது. உறையிலிட்டுச் செங்குத்தாக நிறுத்தி வைத்தல் வேண்டும். ஒலிபெருக்கி, மோட்டார் முதலிய காந்தமுள்ள பொருள்களின் அருகே வைத்தல் ஆகாது. பதிந்து முடிந்தபின், எழுதுதலைத் தடுக்கும் சிறு விசையைத் தள்ளிவிடுதல் நலம். யந்திரத்தின் முகப்பைத் துடைக்கும் பெட்டியை யந்திரம் கேட்கும்பொழுதே இடவேண்டும்; அடிக்கடி இட்டால் முகப்புத் தேயும்.

நமது நாட்டின் வெப்பமும் ஈரமும் இதற்குப் பெரும் பகை. நெடுங்காலம் காக்க வேண்டிய நாடாவுக்கு 16 முதல் 25 பாகை வரையுள்ள சூடும், 20 முதல் 50 சதவீதம் வரையுள்ள ஈரப்பதமுமே ஏற்றவை. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் வைத்துச் செல்வதும், படிக்கட்டின் கீழுள்ள அறையில் அடுக்குவதும் ஒழியவேண்டும். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொணர்ந்த பெட்டியை ஒரு முழு நாள் அவ்வறையிலேயே வைத்திருந்து பின்னரே ஓட்டுதல் முறை.

இவையனைத்தும் செய்தாலும், வாசித்துப் பாராத நாடாவை நம்புதல் கூடாது. வாசிக்கும் யந்திரமும் உடன் இருத்தல் வேண்டும். எட்டாந் தலைமுறை யந்திரம் ஏழாந் தலைமுறை நாடாவை வாசிக்கும்; ஆறாவதை வாசியாது. 1969இல் மனிதர் சந்திரனில் இறங்கிய காட்சியை முதன்முதலிற் பதிந்த மூல நாடாக்கள், பிற்காலத்தில் அழிக்கப்பட்டு மீண்டும் உபயோகிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று 2009இல் நாசா முடிவு கூறியது. அதே நாசா 1966, 1967ஆம் ஆண்டுகளில் சந்திரனைச் சுற்றிப் படமெடுத்த நாடாக்களுக்கு வேறு கதி வாய்த்தது. நான்சி எவன்ஸ் என்னும் அம்மையார் அவற்றை அழிய விடாமற் காத்ததோடு, அவற்றை வாசிக்கும் பழைய யந்திரங்களையும் தேடிக் காத்தார். அதன் பயனாக, சந்திரனின் விளிம்பில் நமது பூமி தோன்றும் படம் 2008இல் முன்னிலும் தெளிவாக மீண்டது.

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. கலாசாலையின் நாடாக்களுக்கு ஒருவரே பொறுப்பாளராக இருக்கட்டும். அவருக்கு அதற்கான நேரமும் ஒதுக்கப்படட்டும். பருவந்தோறும் ஒரு பெட்டியேனும், அதனைப் பதிந்தவரல்லாத வேறொருவரால், பதிவேட்டை மாத்திரம் துணைக்கொண்டு வாசித்துப் பார்க்கப்படட்டும். கணினி பயிலும் மாணவர்க்கு இது நல்ல பயிற்சியுமாகும். பழைய மாணவர்கள் தாய்க் கலாசாலைக்கு மண்டபமும் வாயிலும் அளிப்பதோடு, ஒரு குளிர்ந்த அறையும் அலமாரியும் அளிக்க எண்ணட்டும். அவ்வலமாரியில் இருப்பது அவர்களுடைய பெயர்களேயன்றோ?

சீட்டெழுத இரண்டு நிமிஷம் போதும். அவ்விரண்டு நிமிஷத்தை நாம் மிச்சப்படுத்தியதனாலேயே ஒருவர் ஆறு நாட்கள் பெஞ்சின்மேல் அமர்ந்திருந்தார். அவர் முகத்தை நாம் இன்னும் மறந்தோமில்லை.