கத்தி படுமுன்

சத்திரசிகிச்சைக்கு வரும் ஏழை நோயாளிகள் பலருக்குக் கிடைக்கும் ஆயத்தம் யாது? "பயப்படாதே" என்றொரு சொல். கையொப்பமிட ஒரு தாள். மேலும் கேட்டால், "உனக்கு விளங்காது" என்பதே விடை. விளங்காது எனத் தீர்ப்பளிக்கும் இந்த மேட்டிமையை நாம் மறுக்கின்றோம்.

1964ஆம் ஆண்டிலேயே இதற்குத் தக்க பதில் வெளிவந்துவிட்டது. பொஸ்ரன் நகரின் மசாசுசெற்ஸ் பொது வைத்தியசாலையில், வயிற்றுச் சத்திரசிகிச்சைக்கு வந்த 97 பேரை மயக்கமருந்து வைத்தியர்கள் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு மட்டும், எங்கே வலிக்கும், எவ்வளவு வலிக்கும், எத்தனை நாள் நீடிக்கும் என்பன முன்கூட்டியே சொல்லப்பட்டன. தசை இறுகுவது வலியைப் பெருக்கும் என விளக்கி, வயிற்றைத் தளர்த்தவும், ஆழ மூச்செடுக்கவும், கைகால்களை ஊன்றிப் புரண்டு படுக்கவும் கற்பித்தனர். எவர் எப்பிரிவினர் என்பது சத்திரசிகிச்சை செய்தவர்களுக்குத் தெரியாது. விளைவு? கற்றவர்களுக்கு வேண்டியிருந்த அபின்வகை வலிமருந்து ஏறத்தாழப் பாதியே. வீடு திரும்பியதும் சராசரி 2.7 நாட்கள் முன்னதாக. இங்கே மருந்தாக நின்றது கற்பித்தல் என்பதை ஆசிரிய நண்பர்கள் குறித்துக்கொள்வார்களாக.

"நேரமில்லை" என்பார் உளர். விரைவில் ஒழியும் கட்டில்களை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. "துண்டுப்பிரசுரம் கொடுக்கிறோமே" என்பாரும் உளர். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 441 பேரிடையே நடந்து 2018இல் வெளியான ஆய்வில், மேல்வயிற்றுச் சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த அனைவருக்கும் பிரசுரம் கிடைத்தது. அவர்களுள் ஒரு பிரிவினருக்கு மட்டும் இயன்மருத்துவர் 30 நிமிடம் அருகிருந்து மூச்சுப்பயிற்சி கற்பித்தார். நிமோனியா உள்ளிட்ட நுரையீரற் சிக்கல்கள் அப்பிரிவினரிடையே பாதியாகக் குறைந்தன. தாளை நீட்டிவிட்டுக் கைகழுவுவோர் இதற்கு என்ன சொல்வர்?

இன்னொரு கூட்டமும் உண்டு. மனவுறுதியை உபதேசிக்கும் கூட்டம். சில வாரங்கள் முன்பே புகைத்தலை நிறுத்து, நாள்தோறும் நட, முட்டையும் பருப்பும் உண் என்கின்றனர். அறிவுரையிற் பிழையில்லை. ஆனால், நாட்கூலிக்குக் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குக் கிளினிக் செல்லும் ஒரு நாள் என்பது அடுப்பெரியாத ஒரு நாள். அவளை நோக்கி "உடம்பைக் கவனிக்கவில்லை" எனக் கடிவது, குற்றவாளியை மாற்றிக் காட்டும் தந்திரமன்றி வேறென்ன?

நாம் கேட்பது கருணையன்று. சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கும் அதே துண்டில், நோயாளியின் தாய்மொழியில் பேசும் ஒருவர் அவருக்குக் கற்பிக்கும் நாளும் குறிக்கப்படல் வேண்டும். அந்த நாளுக்குரிய கூலியும் வெட்டப்படாது வழங்கப்படல் வேண்டும்.