மண்ணின் வரலாற்றை எழுதிய உழவர்

நெய்வோரும் பயிரிடுவோரும் கூடி நடத்தும் சங்கத்தின் ஏட்டில் நாவலைப் பற்றிய பேச்சு எதற்கு என்று உறுப்பினர்களுள் சிலர் வினவக்கூடும். வினவுவது நியாயமே. ஆயினும், சரித்திர நவீனம் என்றால் அரண்மனையும் போர்க்களமுமே என்னும் எண்ணத்தை மாற்றிய ஆசிரியர் ஒருவர் நம்மைப்போலவே உழுது வாழ்ந்தவர். அவரைப் பற்றிச் சிந்திப்பது நமது கடமையென்றே கருதுகிறோம்.

கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் என்னும் சிற்றூரில் 1923-இல் பிறந்து, 2021-இல் மறைந்த கி. ராஜநாராயணன் அவர்களையே குறிப்பிடுகிறோம். பள்ளிப் படிப்பு மிகுதியாக இல்லாதவர். விவசாயிகள் இயக்கத்தில் ஈடுபட்டவர். 1976-இல் வெளிவந்த அவருடைய ‘கோபல்ல கிராமம்’, தெலுங்கு நாட்டிலிருந்து அஞ்சி வெளியேறிய குடிகள் தெற்கே வந்து ஊர் அமைத்த வரலாற்றைக் கூறுவது. அதன் தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்கள்’ 1991-இல் சாகித்ய அக்காதெமி பரிசு பெற்றது. இவ்வரலாற்றுக்கு அவர் கல்வெட்டையும் செப்பேட்டையும் மட்டும் நம்பி இருக்கவில்லை. கர்ண பரம்பரையாகப் பாட்டிமார் சொல்லிவந்த செய்திகளே அவருக்கு ஆதாரம்.

அந்நாவலில் நம் மனத்தைத் தைத்த இடம் ஒன்று உண்டு. வந்த குடிகள் முள்ளடர்ந்த காட்டைத் தீயிட்டு அழித்தே கழனி சமைத்தனர். தம் முன்னோர் செய்ததாயிற்றே என்று ஆசிரியர் அதனை மறைக்கவில்லை. நாம் உழும் ஒவ்வொரு வயலும் ஒருகாலத்தில் வேறு உயிர்களின் இருப்பிடம். அந்நிலத்தைப் பெற்றுக்கொண்டவனுக்கு அதனைக் காக்கும் கடனும் உண்டு. இக்கடனை நினைவூட்டாத வரலாறு அரைகுறை வரலாறே ஆகும்.

கரிசல் மண்ணின் இயல்பை அறிந்தோர்க்கு இது நன்கு விளங்கும். மழையில் குழைந்து காலைப் பற்றும். கோடையில் ஆள் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தை உள்ளே தேக்கிவைத்து, ஆழ வேரோடும் பருத்தியை வளர்க்கும். அம்மண்ணுக்கும் வானத்துக்கும் பழகிப்போனவை உப்பம், கருங்கண்ணி என்னும் நாட்டுப் பருத்திகள். நீண்ட இழையை ஆலைகள் வேண்டியதால் அவை படிப்படியாக ஒதுக்கப்பட்டன. கூடுதல் விலை கருதி உழவன் வேறு விதைக்கு மாறியதைக் குறை கூறுவதற்கில்லை. விதை மாறும்போது, அதனை எந்த மழைக்கு விதைப்பது, எந்தப் பக்குவத்தில் பஞ்செடுப்பது என்னும் அறிவும் அதனோடு மறைந்துவிடுகிறது, வருந்தத்தக்கது இதுவே. உழுவாரற்ற புஞ்சைகளில் இன்று சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது.

கி. ரா. அவர்கள் இந்த இழப்பை உணர்ந்தவர். ஆகவேதான் கதை எழுதியதோடு அமையாது, கரிசல் வட்டார மக்களின் பேச்சுச் சொற்களைத் திரட்டி ஓர் அகராதியும் ஆக்கினார். பாமரர் பேச்சு இலக்கியமாகுமா என்று ஐயுறுவோர் உண்டு. பிற மாவட்டத்தாருக்கு விளங்காது என்போரும் உண்டு. செந்தமிழில் எழுதும் இவ்வேடும் அவ்வையத்தை முற்றும் தள்ளிவிடவில்லை. ஆனால், மண்ணின் ஒரு பக்குவத்துக்கு உழவனிடம் மட்டுமே சொல் இருக்குமானால், அச்சொல்லைத் தள்ளிவிட்டு அந்தப் பக்குவத்தை எவ்வாறு எழுதுவது? சொல் போனால் பொருளும் போகும்.

நெசவாளர் நிலையும் இதுவே. நெசவாளர் தெருக்கள் நீண்டு அகன்றிருப்பது அழகுக்காக அன்று. பாவை நீட்டிக் கஞ்சி தோய்ப்பதற்காகவே. வெயில் ஏறுமுன் அவ்வேலை முடிதல் வேண்டும். மழை வந்தால் நின்றுபோகும். தெருவோரத்து மரங்களின் நிழலும் தறிக்குழியின் ஈரமும் நூலைக் காத்தன. அம்மரத்தை வெட்டியவர் நிழலை மட்டும் போக்கவில்லை. தொழிலின் ஓர் உறுப்பையே போக்கினார். பாவு, ஊடை, விழுது, அச்சு, தார் என்னும் சொற்களைத் தறி ஓட்டுபவரின் பிள்ளைகளே மறந்துவரும் காலம் இது.

ஆதலின் நமது உறுப்பினர்க்கு ஒன்று கூற விழைகிறோம். ஒவ்வொரு சங்கமும் வரவு செலவுக் கணக்கோடு இன்னொரு கணக்கும் வைத்தல் நன்று. ஊரில் பயிரான விதைகள், தூர்ந்துபோன ஊருணிகள், வயல்களின் பெயர்கள், தறியின் உறுப்புகள், மழையை அறியும் குறிகள் ஆகியவற்றை மூத்த உறுப்பினரும் அவர்தம் இல்லத்துப் பெண்டிரும் சொல்லச் சொல்ல, எழுதத் தெரிந்த இளைஞர் ஒரு குறிப்பேட்டில் பதிந்துவரட்டும். இதற்கு மானியம் வேண்டியதில்லை. மாதம் ஒரு மாலைப்பொழுது போதும்.

சங்கத்தில் நாம் சேமிப்பது பணம் மட்டுமாயின், அடுத்த தலைமுறை அதனைச் செலவிட அறியுமேயன்றி, இம்மண்ணில் வாழ அறியாது. இடைசெவலில் ஓர் உழவர் தனியே நின்று தொடங்கிய பணியைப் பலர் கூடி நடத்தும் நமது சங்கங்கள் செய்ய இயலாதென்று யார் கூறுவர்? பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே தொடங்குவோமாக.