நான்கு தந்திகளும் மாதத் தவணையும்

பாலக்காடு, இடுக்கி எல்லையோரக் கானமேளா மேடைகளில் பாடகரையே அனைவரும் நோக்குவர். பின்வரிசையில் பாஸ் கிட்டார் வாசிப்பவரை நோக்குவோர் சிலரே. இடுக்கி மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் பாடல்களில் அந்த நான்கு தந்திகளின் நாதத்தை அறியாதவர் இல்லை. வாசித்த சசிதரனின் பெயரைத்தான் பலர் அறியார்.

இக்கலைஞர்களின் வருவாய் திருவிழாக்களைச் சார்ந்தது. இடவப்பாதி மழை தொடங்கினால் மேடைகள் ஓய்ந்துவிடும். மாதத் தவணை ஓய்வதில்லை. சம்பளச் சீட்டு இல்லாததால் கருவி வாங்கக் கடன் கேட்கவே தயங்குகின்றனர். நெல் விவசாயியின் பயிர்க்கடனுக்கு அறுவடையை ஒட்டித்தானே தவணை வகுக்கிறோம்? இவர்களுக்கும் தை முதல் சித்திரை வரை கூடுதலாகவும், மழை மாதங்களில் குறைவாகவும் வகுக்கலாம் என்பது என் கருத்து. ஓராண்டு வரவைப் பார்த்தாலே திறன் விளங்கும். அதற்கு மேடை ஊதியம் கணக்கில் ஏறவேண்டும். கையில் வாங்கிக் கையிலேயே செலவாகும் ரொக்கம் எந்த மேலாளருக்கும் புலப்படாது.