மெட்டுப் போட்டவர் பெயரையும் சொல்லுங்கள்

நம் சங்க விழாக்களின் மெல்லிசை நிகழ்ச்சியில் பழைய இந்திப் பாட்டுகளுக்கு இடம் உண்டா, இல்லையா என்பது ஒவ்வொரு பொங்கலுக்கும் தலைதூக்கும் சர்ச்சை. "வருஷம் முழுக்கத் தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் இந்தியும் மராட்டியும்தான் கேட்கிறார்கள். இந்த மூன்று மணி நேரமாவது தமிழ் காதில் விழட்டுமே" என்கிறார்கள் ஒரு சாரார். நியாயமான பேச்சுதான். ஆனால் 'நம்ம பாட்டு', 'அவங்க பாட்டு' என்று அவர்கள் கிழிக்கும் கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் எனக்கு வழக்கு.

நம் மேடையில் தவறாமல் இடம்பெறும் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். வஞ்சிக்கோட்டை வாலிபன் (1958) படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி போட்டு ஆட, பி.எஸ். வீரப்பா சபாஷ் போடுவாரே, அந்தப் பாட்டு. அறிவிப்பாளர் நடிகைகள் இருவரின் பெயரையும் சொல்வார். நினைவிருந்தால் பாடிய பி. லீலா, ஜிக்கி பெயரும் வரும். மெட்டுப் போட்டவர் பெயரை நம் மேடையில் இதுவரை நான் கேட்டதில்லை.

அவர் சி. ராமச்சந்திரா. முழுப் பெயர் ராமச்சந்திர நரஹர் சிதல்கர். அன்றைய அகமதுநகர் மாவட்டத்துப் புண்தாம்பாவில் 1918-இல் பிறந்த மராட்டியர். நம் புனேயில், கந்தர்வ மகாவித்யாலயத்தில் விநாயகபுவா பட்வர்தனிடம் சங்கீதம் கற்றவர். அல்பேலா (1951), அனார்கலி (1953) என்று இந்திப் பட உலகையே ஆட்டிவைத்த இவர் இசையமைப்பாளராகக் காலடி வைத்தது இந்திப் படத்தில் அல்ல, தமிழ்ப் படத்தில்! வனமோகினி (1941) அவருடைய ஆரம்பகாலப் படங்களில் ஒன்று. சீன யுத்தத்தில் உயிர்நீத்த வீரர்களுக்காக 1963 ஜனவரி 27 அன்று தில்லியில் நேருவின் முன்னிலையில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டு நம் எல்லோருக்கும் தெரியும். எழுதியவர் கவி பிரதீப். மெட்டு இதே சிதல்கருடையது.

கோயம்புத்தூர்க் கதை இதைவிடச் சுவையானது. பட்சிராஜா ஸ்டூடியோ ஸ்ரீராமுலு நாயுடு, மலைக்கள்ளனை (1954) மறு வருஷமே இந்தியில் ஆசாத் என்ற பெயரில் எடுத்தார். நாயகன் திலீப் குமார். ஒரே மாதத்தில் எல்லாப் பாட்டும் வேண்டும் என்று நாயுடு கேட்க, நௌஷாத் முடியாது என்று அனுப்பிவிட்டாராம். சி. ராமச்சந்திரா ஒத்துக்கொண்டார். டூயட் ஒன்றைப் பாட தலத் மெஹ்மூத் கிடைக்காமல் போகவே, தலத் பாணியில் தாமே லதாவுடன் பாடிவிட்டார். அதே படத்தில் லதாவும் உஷாவும் சேர்ந்து பாடிய துள்ளல் பாட்டுக்கு ஆடியவர்கள் நம் சாயி-சுப்புலட்சுமி. கதை கோவையிலிருந்து, மெட்டு மராட்டியரிடமிருந்து, பாஷை இந்தி. இது யார் பாட்டு என்று யாராவது சொல்லுங்களேன்.

கே.எல். சைகல் மீது எனக்குத் தனிப் பாசம். பாட வருமுன் ரயில்வேயில் டைம்கீப்பராக வேலை பார்த்த மனிதர், ஆகவே எங்கள் ஜாதி! கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் தமிழில் எடுத்த தேவதாஸில் அவர் தமிழிலேயே பாடினார். லதாவும் உரன் கடோலா தமிழில் வானரதமாக வந்தபோது தமிழில் பாடியவர்தான். இங்கே, இன்று திரைப்படக் கல்லூரி இருக்கும் இடத்தில் இயங்கிய பிரபாத் கம்பெனி, 1934-இல் சீதா கல்யாணம் என்று தமிழ்ப் படம் எடுத்தது. அதற்குப் பாபநாசம் சிவன் இசை. ராமராக நடித்தவர் எஸ். ராஜம். அவர் தம்பி, பிற்காலத்து வீணை பாலசந்தர், அதில் சிறுபிள்ளையாகத் தலைகாட்டினார். கசார்வாடியில் லோக்கல் ஏறி சிவாஜிநகரில் இறங்கி ஆட்டோ பிடித்தால் போய்விடக்கூடிய இடம். நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டியிருக்கிறோம்?

அந்தக் காலப் பாட்டு எப்படி உருவானது என்பதும் சொல்ல வேண்டிய விஷயம். (சிக்னல் பிரிவில் காலம் தள்ளியவனுக்கு இதில் ருசி அதிகம், பொறுத்தருள்க.) நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பத்து அங்குல இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்றேகால் நிமிஷம்தான் கொள்ளும். முன்னிசை, பல்லவி, இரண்டு மூன்று சரணம், இடையிசை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில், ஒன்றிரண்டு மைக்கைச் சுற்றி நின்று வாசிக்க வேண்டும். கடைசிச் சரணத்தில் தபலா ஒரு தட்டுத் தவறினால் ஆரம்பத்திலிருந்து மறுபடி. இன்றுபோல் வெட்டி ஒட்ட வழியில்லை. அந்தக் குரல்களில் இருக்கும் கவனம் அதனால் வந்தது. "அழுமூஞ்சிப் பாட்டு" என்று நம் இளைஞர்கள் ஒதுக்குகிறார்கள். முதலில் அல்பேலாவைக் கேட்டுவிட்டு வரட்டும்.

பெயரை மறைக்கும் வழக்கம் அன்றும் இருந்தது. மஹல் (1949) படத்தின் பேர்பெற்ற பாட்டு இசைத்தட்டில் வந்தபோது பாடியவர் பெயர் 'காமினி' என்று அச்சாயிற்று. அது படத்தில் மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர்! பாடியது யார் என்று நேயர்கள் வானொலி நிலையத்துக்குக் கடிதம் மேல் கடிதம் போட்ட பிறகே லதா என்று வெளியே தெரிந்தது. இசையமைத்த கேம்சந்த் பிரகாஷ் படம் வெளிவருமுன்பே காலமாகிவிட்டார்.

பாட்டைத் தடுப்பதால் என்ன ஆகும் என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. 1952-இல் ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி.வி. கேஸ்கர், புனேக்காரர், சினிமாப் பாட்டு மலிவானது என்று ஆல் இந்தியா ரேடியோவில் அதை ஒடுக்கினார். ஜனங்கள் ரேடியோ சிலோன் பக்கம் முள்ளைத் திருப்பிவிட்டார்கள். அந்த டிசம்பரிலேயே அமீன் சயானியின் பினாகா கீத்மாலா தொடங்கியது. 1957-இல் அரசாங்கமே விவித் பாரதியை ஆரம்பித்துப் பாட்டுப் போட வேண்டியதாயிற்று. அந்த வானொலி ஒரு நல்ல வழக்கத்தை நமக்குக் கொடுத்தது: பாட்டுக்கு முன் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று சொல்லிவிட்டுத்தான் ஊசியை வைப்பார்கள். நம் மேடையில் 'எம்.ஜி.ஆர். பாட்டு', 'ராஜ்கபூர் பாட்டு' என்பதோடு சரி.

ஆகவே விழாக் குழுவுக்கு என் யோசனை. இந்திப் பாட்டுக்குத் தனியாக ஒதுக்கீடு வேண்டாம். மூன்று மணி நேரத்தில் அரை மணி மட்டும், இரு மொழிக்கும் உறவுள்ள பாட்டுகளுக்குக் கொடுங்கள். வஞ்சிக்கோட்டை வாலிபனும் அதே கதையை ஜெமினி இந்தியில் எடுத்த ராஜ் திலக்கும், ஆசாத், வானரதம், சைகலின் தமிழ்ப் பாட்டு ஒன்று. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்கும், தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசும் பேரனுக்கும் சேர்ந்து தலையாட்ட அந்த அரை மணியில் ஏதாவது கிடைக்கும். எந்த மொழிப் பாட்டானாலும் நான்கு பெயர்களையும் சொல்லிவிட்டுத் தொடங்குவது என்று இந்த வருஷமே ஏற்பாடு செய்யுங்கள். பட்டியலைக் கையில் கொடுத்தால் அறிவிப்புக் குறிப்புகளை எழுதித் தர நான் தயார்.